கெட்டது செய்தவருக்குக் கெட்டது நடந்து நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? (தருமபுரி, கிருஷ்ணகிரி நண்பர்களுக்கு)

பாலக்கோட்டான் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் கிராமத்தில் சமீபத்தில் ஒரு பெரியவர் காலமானார். தொண்ணூறை நெருங்கிய வயது. படுக்கையில் கிடக்கவில்லை, ஊசி மருந்து இல்லை, தூக்கத்திலேயே போய்விட்டார். கல்யாணச் சாவு என்று பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடித்தார்கள். பம்பை, வாணவெடி, ஊரே கூடி நின்று அனுப்பி வைத்தது.

இதே பெரியவர்தான் தம்பி இறந்த வருடமே தம்பி மனைவியையும் கைக்குழந்தையையும் வீட்டை விட்டு விரட்டியவர். இரண்டு பேருக்கும் பொதுவான நிலம், கிணறு, புளியந்தோப்பு எல்லாம் இவர் கைக்குப் போனது. அந்த அம்மா காரிமங்கலம் பக்கம் போய் செங்கல் சூளையில் கல் சுமந்து மகளை வளர்த்தார். ஐம்பது வயதுகூட ஆகாமல் அரசு ஆஸ்பத்திரியில் இறந்தார். அவர் பிணத்தை எடுக்க நாலு பேர் சேர்வதே கஷ்டமாக இருந்தது.

பெரியவர் இழவு வீட்டில் ஒருவர் சொன்னார்: "புண்ணியம் பண்ணின கட்டை, அதான் நோகாமப் போச்சு." சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். எனக்குத் தாங்க முடியவில்லை. அப்படியென்றால் ஆஸ்பத்திரியில் துடித்துச் செத்த அந்த அம்மா பாவம் செய்தவரா?

உங்களைக் கேட்கிறேன். கர்மா, வினை, பாவ புண்ணியம், எந்தப் பெயரில் வேண்டுமானாலும் சொல்லுங்கள். நம்புகிறீர்களா? எதைப் பார்த்து நம்புகிறீர்கள்?

ஊத்தங்கரை டீச்சர்

நம்புகிறேன். "பிறர்க்கின்னா முற்பகல் செய்யின் தமக்கின்னா பிற்பகல் தாமே வரும்" என்று வகுப்பில் சொல்லும்போது நம்பித்தான் சொல்கிறேன். பிற்பகல் எப்போது வரும் என்று வள்ளுவர் மணி குறிக்கவில்லை. அந்தப் பெரியவர் வீட்டைப் பத்து வருடம் கழித்துப் பாருங்கள் தம்பி. பிள்ளைகள் தலையில் விடியும்.

என் அப்பா ரேஷன் கடையில் எடை போட்டவர். தராசில் ஒருநாளும் கை வைத்ததில்லை. கேட்டால், "இல்லாதவன் வயித்தெரிச்சல் நம்ம புள்ளைங்களச் சும்மா விடாது" என்பார். மேலதிகாரி ஆய்வுக்கு வருவார் என்ற பயம் அவருக்கு இல்லை, வருடத்துக்கு ஒருமுறை வருகிற அதிகாரி என்ன பார்க்கப் போகிறார். அவரைப் பிடித்து நிறுத்தியது இந்த நம்பிக்கைதான். அந்தக் கடையில் அரிசி வாங்கிய அத்தனை குடும்பத்துக்கும் சரியான எடை கிடைத்தது. நம்பிக்கை பொய் என்று நிரூபித்தால்கூட இந்தப் பலன் பொய்யாகாது.

ஓசூர் சிப்காட்

டீச்சர் அக்கா, உங்கள் அப்பாவுக்கு என் வணக்கம். ஆனால் பத்து வருடம் கழித்து எந்த வீட்டைப் பார்த்தாலும் ஒரு விபத்து, ஒரு கடன், ஒரு விவாகரத்து இருக்கும். நல்லவர் வீட்டில் நடந்தால் சோதனை என்கிறோம், கெட்டவர் வீட்டில் நடந்தால் தண்டனை என்கிறோம். கணக்கு எப்படிப் போட்டாலும் சரியாக வந்தே தீரும்.

அப்புறம், பிள்ளைகள் தலையில் விடியும் என்பது என்ன நியாயம்? பெரியவர் செய்ததற்கு எட்டு வயதுப் பேத்தி ஏன் பட வேண்டும்?

நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியில் பிரஸ் மெஷினில் ஒப்பந்தத் தொழிலாளி ஒரு பையனுக்குக் கை போய்விட்டது. உற்பத்தி குறைகிறது என்று பாதுகாப்பு சென்சாரை முன்பே எடுத்துவிட்டிருந்தார்கள். எல்லோருக்கும் தெரியும். சம்பவம் நடந்த அன்று சூப்பர்வைசர் சொன்னது: "அவன் தலையெழுத்து, நாம என்ன பண்றது." அந்த வார்த்தையோடு விசாரணை முடிந்துவிட்டது. கர்மா என்ற பேச்சைக் கேட்டாலே எனக்கு அந்தப் பையனின் கைதான் ஞாபகம் வருகிறது.

பர்கூர் மாந்தோப்பு

நான் படிக்காதவன். நம்பாமல் என்னால் இருக்க முடியாது, அவ்வளவுதான். மாவில் கல்மழை பட்டு ஒரு வருஷம், பூ கொட்டி ஒரு வருஷம், காய் நிறையக் காய்த்தால் மாங்கூழ் ஆலையில் விலை இல்லாமல் ஒரு வருஷம். இத்தனைக்கும் நடுவில் யாரையும் ஏமாற்றாமல் இருக்கிறோமே, அதற்கு எங்காவது ஒரு கணக்கு இருக்க வேண்டாமா?

பென்னாகரம் நர்ஸ்

கிராம சுகாதார வேலையில் பல வருடம் இருந்தவள் நான். இந்த மாவட்டத்தில் "முன் ஜென்ம வினை" என்ற சொல் என்ன செய்தது என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நம் பக்கம் பல்லில் மஞ்சள், பழுப்புக் கறை இல்லாத பெரியவர்கள் குறைவு. நல்லம்பள்ளி, பென்னாகரம், பாலக்கோடு, காரிமங்கலம் எங்கே போனாலும் பார்க்கலாம். பல்லோடு நின்றால் பரவாயில்லை. சில பிள்ளைகளுக்கு முட்டி உள்பக்கம் வளைந்துவிடும். நாற்பது வயது ஆண்கள் கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்புவார்கள். முதுகு மூங்கில் போல விறைத்துவிடும், உட்கார்ந்தால் எழ முடியாது. இது குடும்பம் குடும்பமாக, தெரு தெருவாக வரும். அதனால்தான் "அந்த வம்சத்து பாவம்" என்று சொல்வது சுலபமாக இருந்தது. பெண் கொடுக்க மாட்டார்கள், பெண் எடுக்க மாட்டார்கள். கால் வளைந்த பிள்ளையை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்ட தாய்மார்கள் உண்டு. பரிகாரம் செய்யத் தீர்த்தமலைக்கும் இன்னும் எங்கெங்கோ கடன் வாங்கிப் போனார்கள்.

காரணம் தண்ணீர். நம் மண்ணுக்கு அடியில் இருக்கிற பாறையில் ஃப்ளூரைடு உள்ள தாதுக்கள் இருக்கின்றன. மழை குறைந்து போர்வெல் ஆழம் போகப் போக, பாறையோடு நெடுநாள் கிடந்த தண்ணீரைத்தான் எடுத்துக் குடித்தோம். ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராம் வரைக்கும்தான் இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அதைத் தாண்டிய தண்ணீரை வருடக்கணக்கில் குடித்தால் ஃப்ளூரைடு எலும்பில் போய்ச் சேரும். மூட்டு இறுகும், முதுகெலும்பைச் சுற்றியுள்ள தசைநார்கூடச் சுண்ணாம்பு ஏறிக் கெட்டியாகும். ஒரு குடும்பம் முழுக்க ஒரே போர்வெல் தண்ணீர் குடித்தது. அதுதான் வம்சத்து பாவம்.

காய்ச்சினாலும் போகாது என்பது இன்னும் கொடுமை. காய்ச்சக் காய்ச்சத் தண்ணீர்தான் வற்றும், ஃப்ளூரைடு அப்படியே இருக்கும். சுத்தமாக இருக்க வேண்டும் என்று காய்ச்சிக் குடித்த வீட்டிலும் இதே பல்தான்.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் கடனுதவியோடு சுமார் 1,900 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் வந்தது. 2008-இல் அடிக்கல் நாட்டி 2013-இல் திறந்தார்கள். காவிரித் தண்ணீர் ஒழுங்காக வருகிற ஊரில் வளர்கிற பிள்ளைகளுக்குப் பல் வெள்ளையாக முளைக்கிறது. பெற்றோர் செய்த புண்ணியம் கூடிவிட்டதா? குழாயை மாற்றினோம், அவ்வளவுதான். முன்வினை என்று எழுதிவிட்டுப் போயிருந்தால் குழாய் வந்திருக்காது.

ஏற்கெனவே வளைந்த எலும்பு நிமிராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர்கள் இன்னும் நம்மோடுதான் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து யாரும் பாவம், வினை என்று பேசினால் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

ஊத்தங்கரை டீச்சர்

நர்ஸ் அம்மா, கால் வளைந்த பிள்ளையைப் பார்த்து முன்வினை என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை, சொல்லவும் மாட்டேன். வள்ளுவரும் பிச்சை எடுப்பவனைப் பார்த்து "உன் வினை" என்று சொல்லவில்லையே. "இரந்தும் உயிர்வாழ்தல் வேண்டின் பரந்து கெடுக உலகியற்றியான்" என்று படைத்தவனைத்தான் சபித்தார்.

நான் நம்புவது என்னைப் பற்றி. நான் செய்வதற்கு நான் பதில் சொல்ல வேண்டும் என்பது. அடுத்தவருக்கு ஏன் இப்படி நடந்தது என்று ஆராய எனக்கு உரிமை இல்லை. இரண்டையும் ஒரே கட்டாகக் கட்டித் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

ஓசூர் சிப்காட்

இதை ஒப்புக்கொள்கிறேன் அக்கா. ஆனால் நடைமுறையில் இரண்டும் சேர்ந்தேதான் வருகிறது. 1966-இல் மெல்வின் லெர்னர் என்ற உளவியல் அறிஞர் ஒரு சோதனை செய்தார். ஒரு பெண்ணுக்கு மின் அதிர்ச்சி கொடுப்பதுபோல் நடித்துக் காட்டி, பார்த்துக்கொண்டிருந்தவர்களிடம் அந்தப் பெண்ணைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டார். தொல்லையை நிறுத்தித் தங்களால் உதவ முடியும் என்ற நிலையில் இருந்தவர்கள் அவளைப் பற்றி நல்லபடியாகச் சொன்னார்கள். வேதனை தொடரும், தங்களால் தடுக்க முடியாது என்ற நிலையில் இருந்தவர்கள் அவளையே மட்டமாகப் பேசினார்கள். அமெரிக்காவில், கர்மா என்ற நம்பிக்கையில் வளராதவர்கள் நடுவில் நடந்தது இது. உலகம் நியாயமானது என்று நம்ப ஆசைப்படுகிறோம். அந்த ஆசை உடையாமல் இருக்க, அடிபட்டவன் மேல் பழியைப் போடுகிறோம். பாலக்கோட்டான் சொன்ன இழவு வீட்டில் தலையாட்டியவர்களும் கெட்டவர்கள் இல்லை. விரட்டும்போது தடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், அவ்வளவுதான்.

இன்னொரு தகவல். பியூ ஆய்வு மையம் இந்தியா முழுக்க சுமார் 30,000 பேரிடம் நேரில் கேட்டு 2021-இல் வெளியிட்ட ஆய்வில் கர்மாவை நம்புவதாகச் சொன்ன இந்துக்கள் 77 சதவீதம். முஸ்லிம்களும் அதே 77 சதவீதம். ஆக இது ஒரு மதத்துக் கோட்பாடாக இல்லாமல், இந்த மண்ணில் வாழ்கிறவர்களின் பொதுப் பழக்கமாகவே இருக்கிறது.

அரூர் மலையடி

சித்தேரி மலை அடிவாரத்து வாச்சாத்தி பற்றி யாரும் பேசாமல் இந்த இழை போகக் கூடாது.

1992 ஜூன் 20. சந்தன மரம் தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் படையாக ஊருக்குள் வந்தார்கள். பழங்குடி மக்கள் ஊர். ஆண்களையும் பெண்களையும் ஆலமரத்தடிக்கு இழுத்து வந்து அடித்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வீடுகளை நொறுக்கினார்கள், தானியத்தை நாசம் செய்தார்கள், குழந்தைகளோடு பெண்களைச் சிறைக்கு அனுப்பினார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை என்றுதான் அன்றைய அரசுத் தரப்பு சொன்னது.

அந்த மக்கள் கும்பிடாத சாமி இல்லை. மண்ணை வாரித் தூற்றாத நாள் இல்லை. ஆனால் அதோடு நிற்கவில்லை. மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் கூட நின்றன. நீதிமன்றம் போனார்கள். சி.பி.ஐ. விசாரணைக்குப் போராடி வாங்கினார்கள். அடையாளம் காட்டச் சொன்னபோது அந்தப் பெண்கள், படிப்பு வாசனை இல்லாதவர்கள், வரிசையில் நின்ற சீருடைக்காரர்களைக் கையை நீட்டிக் காட்டினார்கள். மிரட்டலுக்கு நடுவில், கணவன் வீட்டார் என்ன சொல்வார்களோ என்ற பயத்துக்கு நடுவில்.

2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி சிறப்பு நீதிமன்றத்தில் தீர்ப்பு. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டார்கள். உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றார் நீதிபதி. ஒருவர்கூடத் தப்பவில்லை. மேல்முறையீடு போனார்கள். உயர் நீதிமன்ற நீதிபதி நேரிலேயே வாச்சாத்திக்கு வந்து பார்த்தார். 2023-இல் அதே செப்டம்பர் 29 அன்று தண்டனை உறுதியானது. பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய், அதில் பாதியைக் குற்றவாளிகளிடமே வசூலிக்க வேண்டும் என்றது தீர்ப்பு.

31 வருடம். அந்த 31 வருடத்தையும் நடந்து கடந்தவர்கள் மனிதர்கள்.

காலபைரவர் அருள்

ஐயா, நீங்கள் சொன்னதே என் பக்கத்துக்குச் சாட்சி. தெய்வம் நின்று கொல்லும் என்பது இதுதானே? 54 பேரைத் தீர்ப்புக்கு முன்பே எமன் எடுத்துக்கொண்டான். மிச்சம் பேரைக் கோர்ட்டு எடுத்துக்கொண்டது. அதியமான்கோட்டை காலபைரவர் கோவிலுக்குத் தேய்பிறை அஷ்டமிக்கு வந்து பாருங்கள். சாம்பல் பூசணியில் விளக்குப் போட எத்தனை ஆயிரம் பேர் நிற்கிறார்கள். அதில் பாதிப்பேர் நீதி கேட்டு வருகிறவர்கள். அவர்களுக்குப் போக வேறு இடம் இல்லை.

அரூர் மலையடி

54 பேர் வயதாகி, நோய் வந்து, எல்லோரையும் போல இறந்தார்கள். தங்கள் பெயருக்கு முன்னால் குற்றவாளி என்று வாசிக்கப்படுவதைக் கேட்காமலே போனார்கள். அதைத் தண்டனை என்றால், 2023 தீர்ப்பு வருவதற்குள் பாதிக்கப்பட்ட பெண்களிலும் சிலர் இறந்துவிட்டார்களே, அதை என்னவென்று சொல்வீர்கள்? எமன் இரண்டு பக்கமும்தான் வந்தான்.

உங்கள் கடைசி வரியை மட்டும் நான் மதிக்கிறேன். போக வேறு இடம் இல்லாதவர்கள்தான் கோவிலில் நிற்கிறார்கள். வேறு இடம் இருந்தால் அவர்கள் அங்கேயும் போவார்கள். வாச்சாத்திப் பெண்கள் இரண்டு இடத்துக்கும் போனார்கள்.

நடுகல் தேடி

ஊர் ஊராகக் கல்வெட்டும் நடுகல்லும் பார்க்கப் போகிறவன் நான். நம் இரண்டு மாவட்டத்திலும் ஏரிக்கரை, வயல் வரப்பு, முள்ளுக்காடு எங்கே பார்த்தாலும் நடுகல் நிற்கும். தொறு, அதாவது கவர்ந்து போன மாட்டு மந்தையை மீட்டு விழுந்தவன், புலியோடு போராடிச் செத்தவன். கல்லில் அவன் மேலுலகத்துக்குப் போவதைச் செதுக்கியிருப்பார்கள், இரண்டு பக்கமும் பெண்கள் கையைப் பிடித்து அழைத்துப் போவார்கள். அந்தக் காலத்தில் பலன் என்றால் இதுதான்: ஊருக்காகச் செத்தால் ஊர் உனக்குக் கல் நட்டுக் கும்பிடும்.

தானக் கல்வெட்டுகளில் வேறு மாதிரி. ஏரிக்கோ கோவிலுக்கோ நிலம் விட்டிருப்பார்கள். கடைசி வரியில், இந்தத் தர்மத்தைக் காத்தவன் பாதம் என் தலைமேல் என்று இருக்கும். அழித்தவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்று இருக்கும். நூற்றுக்கணக்கான ஊரில் ஏறக்குறைய இதே வாசகம்.

இதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். எழுதி வைத்த அரசனுக்குத் தெரியும், தான் செத்த பிறகு இந்த நிலத்தைக் காவல் காக்க ஆள் இல்லை என்று. அடுத்த வம்சம் வரும், வேறு படை வரும். அதிகாரம் போய்ச் சேர முடியாத தூரத்துக்குப் பாவத்தை அனுப்பி வைத்தான். அப்படியும் எத்தனையோ ஏரி நிலம் காணாமல் போயிருக்கிறது. ஆனால் சில ஊரில் இன்றும் அந்தக் கல் நிற்கிற இடத்தில் மட்டும் யாரும் கை வைப்பதில்லை, எழுத்தைப் படிக்கத் தெரியாதவர்கள்கூட. டீச்சர் அப்பாவின் தராசுக்கும் இதற்கும் ஒரே வேர் என்று தோன்றுகிறது.

பென்னாகரம் நர்ஸ்

கை வைக்காமல் இருந்தது நிலத்தில். பிள்ளைகள் விஷயத்தில்? பாவ புண்ணியம் பேசாத வீடே இல்லாத இதே பகுதியில்தான் பெண் சிசுக்களுக்கு எருக்கம்பால் கொடுத்தார்கள். வேண்டாம் என்கிற குழந்தையை அரசுத் தொட்டிலில் விட்டுப் போகச் சொன்ன தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் சேலத்தில் தொடங்கியது, 2001-இல் நம் தருமபுரிக்கும் வந்தது. வர வேண்டிய நிலைமை இருந்தது. செய்தவர்களுக்கு அது பாவம் என்று தெரியாதா? தெரியும். அந்தப் பாவத்தைவிட வரதட்சணை பெரிதாகத் தெரிந்தது. நம்பிக்கை தராசைப் பிடித்து நிறுத்தும் என்பதை நானும் பார்த்திருக்கிறேன். எல்லா இடத்திலும் நிறுத்தும் என்று மட்டும் நம்பாதீர்கள்.

மல்பெரித் தோட்டம்

பெரிய விஷயம் பேசுகிறீர்கள், நடுவில் என் கேள்வியையும் கேட்டுவிடுகிறேன். இரண்டு ஏக்கர் மல்பெரி, பட்டுப்புழு வளர்ப்புதான் பிழைப்பு. முட்டை பொரிந்து நாலு தோல் உரித்து, இருபத்தைந்து நாள் போல் ராத்திரி பகல் தழை போட்டு, பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்கிறோம். புழு பழுத்ததும் கூடு கட்டும். தருமபுரி அங்காடிக்குக் கொண்டு போய் ஏலத்தில் விற்கிறோம். அதற்கப்புறம் நூற்பவர்கள் கூட்டை வெந்நீரில் போடுவார்கள், உள்ளே இருக்கிற உயிர் செத்துப்போகும்.

எங்கள் பாட்டி கடைசி வரைக்கும் புழு வீட்டுக்குள் வரவில்லை. "ஒரு சேலைக்கு எத்தன உசுருடா" என்பார். மகள் கல்யாணத்தில் பட்டுக் கட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டாள் என் மனைவி. எனக்கு ராத்திரியில் இது மனதில் ஓடும். இது என் கணக்கில் ஏறுமா?

நடுகல் தேடி

நம் பகுதியில் ஒரு காலத்தில் சமணம் செழித்திருந்தது. சமணர்களிடம் கேட்டிருந்தால் ஏறும் என்றிருப்பார்கள். அவர்களுக்கு வினை என்பது உயிரில் வந்து ஒட்டுகிற நுண்பொருள். தெரியாமல் மிதித்தாலும் ஒட்டும், அதனால்தான் மயிற்பீலியால் தரையைக் கூட்டிக்கொண்டு நடந்தார்கள். புத்தர் வேறு மாதிரி சொன்னார்: எண்ணத்தைத்தான் நான் வினை என்கிறேன் என்றார். கொல்லும் எண்ணம் உங்களிடம் இருக்கிறதா என்பதுதான் அவர் கேள்வி. அதே காலத்து ஆசீவகர்கள் இரண்டையும் மறுத்தார்கள். எல்லாம் நியதி, நீ என்ன செய்தாலும் கூடவோ குறையவோ செய்யாது என்றார்கள். இரண்டாயிரத்து ஐந்நூறு வருடமாக முடியாத வழக்கு இது ஐயா.

ஓசூர் சிப்காட்

மல்பெரி அண்ணா, கட்டிய சேலையில் எத்தனை உயிர் என்று உடுத்துகிறவர் யாரும் தூக்கம் கெடுவதில்லை. நூற்பு ஆலை முதலாளியும் கெடுவதில்லை. தழை போட்டு வளர்த்த உங்களுக்குத்தான் வலிக்கிறது. அந்துப்பூச்சி வெளியே பறந்த பிறகு நூல் எடுக்கிற அகிம்சைப் பட்டும் இருக்கிறது. கூடு ஓட்டையாகிவிடுவதால் ஒரே நீள இழையாக வராது, பஞ்சு மாதிரி நூற்க வேண்டும், விலையும் அதிகம். வாங்க ஆள் இருந்தால் நீங்கள் மாறுவீர்கள் என்பது எனக்குத் தெரியும்.

மல்பெரித் தோட்டம்

மாறுவேன். ஆனால் கூட்டை எடை போட்டு விற்கிறோம். உள்ளே இருக்கிற புழு பறந்துவிட்டால் எடை போச்சு. வாங்குகிறவர் அதற்கு ஈடுகட்டி விலை கொடுத்தால் நாளைக்கே தயார்.

விடிய விடிய கூத்து

எங்கள் ஊரில் திரௌபதி அம்மன் திருவிழாவுக்குப் பாரதம் பதினெட்டு நாள். கடைசி நாள் படுகளம், மண்ணில் பெரிய துரியோதனன் படுத்திருப்பான். சின்ன வயதில் அதைப் பார்த்து, கெட்டவன் விழுவான் என்று எல்லோரையும் போல நானும் மனதில் பதித்துக்கொண்டேன்.

கருமாதி வீடுகளில் கர்ண மோட்சம் ஆடுவார்கள் பாருங்கள், அதில் வேறு கணக்கு. அம்பு பட்டுக் கிடக்கிறவனிடம் கிருஷ்ணர் வேதியர் வேடத்தில் வந்து நிற்கிறார், செய்த தர்மத்தின் பலன் முழுவதையும் கேட்கிறார். அவன் தன் ரத்தத்தால் தாரை வார்த்துக் கொடுக்கிறான். தர்மம் அவனைக் காப்பாற்றியிருக்க வேண்டும், அதனால்தான் அதை வாங்கிக்கொண்டுதான் அவனைக் கொல்ல முடிகிறது. பொழுது விடிகிற நேரத்தில் அந்தப் பாட்டு வரும்போது இழவு வீட்டுப் பெண்கள் அழுவது செத்தவருக்காக மட்டும் இல்லை. வாழ்நாள் முழுக்கக் கொடுத்தும் ஒன்றும் கிடைக்காமல் போனவர்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள்.

பாரதத்தின் முடிவையும் பாருங்கள். தருமர் சொர்க்கம் போனால் அங்கே துரியோதனன் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருக்கிறான். தம்பிகளும் திரௌபதியும் நரகத்தில். கொஞ்ச நேரத்துக்குத்தான், பிறகு மாறுகிறது. ஆனாலும் அந்தக் காட்சியை வைத்திருக்கிறார்கள். போரை நடத்திய கிருஷ்ணருக்கே காந்தாரி சாபம் 36 வருடம் கழித்துப் பலித்தது. இவ்வளவு சிக்கலாகச் சொன்ன கதையை "செஞ்சா அனுபவிப்பான்" என்று ஒரு வரியில் சுருக்கிவிட்டோமே என்று எனக்கு வருத்தமாக இருக்கிறது.

தருமபுரி வக்கீல்

பாலக்கோட்டான், நீங்கள் முதலில் எழுதியதை மூன்று முறை படித்தேன். எல்லோரும் அந்தப் பெரியவருக்கு என்ன நடந்தது, நடக்கவில்லை என்று பேசுகிறோம். அந்த மகள் எங்கே இருக்கிறார்?

ஏன் கேட்கிறேன் என்றால், "தெய்வம் பார்த்துக்கும்" என்று இருந்துவிட்டு என் மேசைக்கு வருகிறவர்களை வாரா வாரம் பார்க்கிறேன். 1963-ஆம் வருட காலவரம்புச் சட்டப்படி, ஒருவர் உங்கள் நிலத்தை உங்களுக்கு எதிராக, வெளிப்படையாகத் தன்னுடையது என்று அனுபவிக்க ஆரம்பித்தால், அதை மீட்க 12 வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். தெய்வத்துக்குக் காலக்கெடு இல்லை, நமக்கு உண்டு. சாபம் விட்டுவிட்டு உட்கார்ந்ததில் கெடு போய் நிலத்தை இழந்தவர்கள் ஏராளம்.

ஆனால் நீங்கள் பொதுவான நிலம் என்று எழுதியிருக்கிறீர்கள். அண்ணன் தம்பிக்குள் பாகப்பிரிவினை நடந்ததா? நடக்கவில்லை என்றால் விஷயம் வேறு. கூட்டுச் சொந்தக்காரரில் ஒருவர் அனுபவத்தில் இருந்தால் மற்றவருக்காகவும் சேர்த்து இருப்பதாகத்தான் பொதுவாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். உனக்கு உரிமையே இல்லை என்று வெளிப்படையாக மறுத்து வெளியேற்றியதை, எதிர்த் தரப்பு நிரூபித்தால்தான் அந்த 12 வருடக் கணக்கே ஓடும். 1956 வாரிசுரிமைச் சட்டத்தில் விதவையும் மகளும் முதல் வகுப்பு வாரிசுகள். பட்டாவைப் பெரியவர் தன் பேருக்கு மாற்றியிருந்தாலும் பட்டா ஒன்றே உரிமையைக் கொடுத்துவிடாது.

பாலக்கோட்டான்

வக்கீல் சார், பாகப்பிரிவினை நடந்ததாக ஊரில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. தாத்தா காலத்துக் கூட்டுப் பட்டா என்றுதான் அப்பா சொல்வார். விரட்டியது ஊர் அறிய நடந்தது, அதுதான் பயமாக இருக்கிறது.

மகளிடம் இன்று போனில் பேசினேன். ஓசூரில் ஒரு தையல் கம்பெனியில் வேலை செய்கிறார், இரண்டு பிள்ளைகள். பெரியப்பா இறந்தது தெரியும் என்றார், சாவுக்குப் போகவில்லை. நான் தயங்கித் தயங்கி, இந்த இழையில் எல்லோரும் பேசிக்கொண்டிருப்பதைச் சொன்னேன். "அவருக்கு என்ன நடந்தா எனக்கென்னண்ணா. எங்கம்மா பேரு அந்தக் காகிதத்துல வரணும்" என்றார். வழக்குக்குச் செலவு செய்ய முடியாது என்றும் சொன்னார்.

தருமபுரி வக்கீல்

செலவைப் பற்றி அவர் கவலைப்பட வேண்டாம். 1987 சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. தருமபுரி நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம்.

வரும்போது அப்பாவின் இறப்புச் சான்று, அம்மாவின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று. இல்லாததை விண்ணப்பிப்போம். சர்வே எண் தெரிந்தால் பட்டா, அ-பதிவேடு, வரைபடம் மூன்றையும் இணையத்திலேயே எடுத்துவிடலாம், வில்லங்கச் சான்றும் அப்படித்தான். தாத்தா பெயரில் இருந்த பழைய பட்டா நகல் வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்க வேண்டும், அதற்குத்தான் நாள் பிடிக்கும். முடிவு எப்படி வரும் என்று காகிதம் பார்க்காமல் நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

அந்த அம்மா விரட்டப்பட்டது எந்த வருடம் என்று ஊரில் விசாரித்து வையுங்கள். அந்த வருடம்தான் முதலில் வேண்டும்.

மல்பெரித் தோட்டம்

பாலக்கோட்டான் தம்பி, எந்த ஊர், எந்த ஏரிப் பக்கம் என்று தனியாக எனக்கு அனுப்புங்கள். அந்தப் பக்கத்தில் என் மாமனார் பழைய கர்ணத்திடம், அதாவது ஊர் நிலக் கணக்கு எழுதியவரிடம், வேலை பார்த்தவர். ஞாபகம் நன்றாக இருக்கிறது, கேட்டுச் சொல்கிறேன்.